சிலையின் முதுகு

எருசலேமைக் கிரேக்க ராஜாக்கள் ஆண்ட காலம் அது. அங்கே தியோக்லஸ் என்று ஓர் அதிகாரி இருந்தான். யாரையும் நம்ப மாட்டான். தன் சாப்பாட்டைக்கூட முதலில் நாய்க்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தின்பான். ஒருநாள் அவனுடைய முத்திரை மோதிரம் காணாமல் போயிற்று.

வேலைக்காரர்கள் எல்லாரையும் பூசையறைக்கு வரவழைத்து, கிரேக்கக் கடவுளான சேயுஸின் சிலையைக் காலில் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னான். எல்லாரும் செய்தார்கள். தண்ணீர் சுமக்கும் யூதப்பெண் மில்காள் மட்டும் நகரவில்லை.

"நாங்க சிலையைத் தொட்டுச் சத்தியம் பண்ண மாட்டோம், ஐயா."

"இவள்தான் திருடி!" என்று கத்தினான் வீட்டு நிர்வாகம் பார்க்கும் காரியக்காரன் லைக்கோன். பூசையறைச் சாவி அவன் இடுப்பில்தான் தொங்கும்.

"அப்படியானால் மோதிரத்தை நீயே கண்டுபிடி. இல்லையென்றால் உன் கையை வெட்டிவிடுவேன்" என்றான் அதிகாரி.

மில்காள் சிலையை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த வீட்ல எல்லாருக்கும் இந்தக் கண்ணைக் கண்டாப் பயம், ஐயா. திருடினவன் அது பார்க்காத இடத்துலதானே ஒளிச்சிருப்பான்? சிலைக்குப் பின்னால கையை விட்டுப் பாருங்க."

"பின்னால் போகக்கூடாது, சாமி குத்தம்!" என்று லைக்கோன் குறுக்கே பாய்ந்தான். அதிகாரி அவனைத் தள்ளிவிட்டுக் கையை விட்டான். மோதிரம் கிடைத்தது. காவலர்கள் லைக்கோனை இழுத்துப் போனார்கள்.

அப்போதும் அதிகாரிக்குச் சந்தேகம் தீரவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்? நீயும் கூட்டுதானே?"

"எங்க கடவுளுக்கு உருவமே கிடையாது, ஐயா. அவருக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு யாருக்குத் தெரியும்? நான் திருடினா எங்கே கொண்டுபோய் ஒளிக்கிறது?"

தியோக்லஸ் மெல்லத் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.