பானைக்குள் இல்லாத பெயர்கள்

வேலங்கண்மாய் திருச்சிலுவை உயர்நிலைப் பள்ளிக்குப் பதினான்கு வகுப்பறைகள். அந்தப் பதினான்கையும் பொழுது புலரும் முன்னே கூட்டிப் பெருக்கி, கரும்பலகைகளைத் துடைத்து, கழிப்பறைகளைக் கழுவி, முதல் மணி அடிக்கும்போது பள்ளியைப் பளிச்சென்று ஒப்படைத்தவர் வியாகுலம்மாள் என்னும் அம்மையார். குருசடித் தெருவைச் சேர்ந்தவர். ஊர்க்கோடியில் சின்னச் சிலுவைக்கல் ஒன்று நிற்கும் தெரு அது. பெரிய தெருக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதும் அபூர்வம்.

அம்மையாரின் கணவர் இளம் வயதிலேயே காலமானார். ஒரே மகன் சவரிராயன் இந்தப் பள்ளியில்தான் பத்தாம் வகுப்பு வரை படித்தான். பிறகு கோயம்புத்தூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், சாரம் சரிந்து விழுந்து, இருபது வயதில் சவப்பெட்டியில் திரும்பி வந்தான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அம்மையார் துடைப்பத்தோடு பள்ளி வாசலில் நின்றார். "வீட்டுல உக்காந்தா சுவரு பேசுது சாமி, இங்கன்னா பிள்ளைக பேசும்" என்றாராம்.

மகன் போன பின்புதான் அவர் எழுத்துப் படித்தார். வாத்தியார் யாரையும் வைத்துக் கற்கவில்லை. முந்திய நாள் பாடம் கரும்பலகையில் அப்படியே கிடக்கும். துடைக்கும் முன் ஒரு முறை உற்றுப் பார்ப்பார், விரலால் எழுதிப் பார்ப்பார், பிறகு துடைப்பார். ஆறாம் வகுப்பில் தொடங்கி ஏழாண்டில் பத்தாம் வகுப்புப் பலகைக்கு வந்து சேர்ந்தார். இத்தனைக்கும் சில வாத்தியார்களின் கையெழுத்து இருக்கிறதே, அதைப் படித்தவர் எதையும் படிப்பார்.

இனி அந்தப் பள்ளியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளியைத் தொடங்கியவர் லெபோன் சாமி என்னும் வெள்ளைக்காரக் குரு. நூறாண்டுக்கு மேல் ஆகிறது. காலராவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் குருசடித் தெருப் பிள்ளைகளையும் அவர் ஒரே பாயில் உட்கார வைத்தார். பெரிய தெரு கொதித்துப் போய்த் தன் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டது. மிஞ்சியவர்கள் பதினொரு பேர். பாடுபட்டு மரிப்பதற்கு முந்திய நாள் ஆண்டவர் தம் சீடர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, லெபோன் சாமி அந்தப் பதினொருவரின் பாதங்களைக் கழுவ உட்கார்ந்தார். ஓர் ஆள் குறைந்தது. தண்ணீர் கேட்டு வாசலுக்குள் வந்த வண்டிக்காரர் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துப் பன்னிரண்டாக்கினார். பள்ளி பெருகிய பிறகு, 'வாசலுக்குள் வருகிற எல்லாருடைய பெயரையும் சீட்டெழுதிப் பானையில் போட்டு, அதில் பன்னிரண்டை எடுக்க வேண்டும்' என்று விதி செய்தார்.

சாமி மறைந்தார். பெரிய தெரு மெல்லத் திரும்பி வந்து, கட்டடத்துக்கு இடம் கொடுத்தது. கொடுத்த குடும்பத்துக்கு நன்றியாக, பாதம் கழுவும்போது செம்பு பிடித்து நீர் ஊற்றும் உரிமை பரம்பரையாக வழங்கப்பட்டது. இன்று பள்ளியில் நானூற்றெண்பது பிள்ளைகள், கணினி அறை, இரண்டு வேன், வாசலில் கண்ணைப் பறிக்கும் வளைவு. குருத்து ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமையன்று பானையும் உண்டு, சீட்டும் உண்டு, செம்பும் உண்டு. லெபோன் சாமியின் விதி மட்டும் எங்கோ நழுவிவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை, கவனித்தவர்கள் வாய் திறக்கவில்லை.

சடங்கு முடிந்ததும் பானையில் மிஞ்சிய சீட்டுகளைக் குப்பையில் கொட்டுவது வியாகுலம்மாளின் வேலை. எழுத்துப் படித்த பிறகு அவருக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளின் பெயர்களாயிற்றே! பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வைத்துக்கொண்டு, தினமும் விடியலில் பத்துச் சீட்டை எடுப்பார். ஒரு பெயருக்கு ஓர் 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லியபடியே அறைகளைக் கூட்டுவார். தாங்கள் வந்து உட்காரும் பெஞ்சுக்கு அடியில் தங்களுக்காக ஒருத்தி மந்திரம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

தெருவில் மட்டும் சேதி கசிந்தது. பரீட்சைக்கு முதல் நாள் பிரகாசி என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் வந்து நின்றாள்.

"பெரியம்மா, எனக்குக் கணக்குன்னா பயமா இருக்கு. எம் பேரச் சொல்லி வேண்டிக்கிருங்க."

"உம் பேரு டப்பாவுல இருக்குமேடி, இரு" என்று அம்மையார் தேடினார். இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரைத் தேடினார். அதுவும் இல்லை. டப்பாவைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொன்றாய் வாசித்தார். குருசடித் தெருவிலிருந்து அறுபத்தொரு பிள்ளைகள் அந்தப் பள்ளிக்குப் போகிறார்கள். ஒருத்தர் பெயரும் இல்லை.

மறுநாள் சீட்டெழுதும் எழுத்தர் இஞ்ஞாசியைக் கேட்டார். அவர் நல்ல மனிதர்தான். தலையைச் சொறிந்துகொண்டு உண்மையைச் சொன்னார்.

"வருகைப் பதிவேட்டப் பாத்து எழுதுவேன் வியாகுலம். உங்க தெரு வந்தா தாண்டிருவேன். எங்கப்பாவும் அப்படித்தான் எழுதுனாரு. எழுதாதன்னு யாரும் சொன்னதில்ல. எழுதுன்னும் சொன்னதில்ல."

"எம் மகன் படிக்கையிலயுமா?"

இஞ்ஞாசி பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார்.

சவரிராயன் ஐந்து வருடம் இங்கே படித்தான். ஐந்து வருடமும், சீட்டெடுப்புக்கு முந்திய மாலையில் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து செங்கல் துண்டால் குதிகாலைத் தேய் தேயென்று தேய்ப்பான். மறுநாள் முகம் தொங்கத் திரும்பி வருவான். ஐந்து முறையும் தாய் சொன்ன ஆறுதல் ஒன்றே: "ஆண்டவரு உன்ன எடுக்கலடா. அடுத்த வருசம் எடுப்பாரு." கடைசி வருடம் அவன், "ஆண்டவருக்கு என்னயப் பிடிக்கலம்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். தாயும் அதை நம்பிவிட்டார்.

அன்று அம்மையார் பள்ளிச் சிற்றாலயத்துக்குள் போய்த் தரையில் விழுந்து அழுதார். பிழை செய்தவர்கள் பெரிய தெருவில் சுகமாக இருக்க, இவர் மன்னிப்புக் கேட்டார். "ஆண்டவரே, ஒம்மேல பழியப் போட்டுட்டேனே! சவரி, என்னய மன்னிச்சிருடா. நீ அந்தப் பானைக்குள்ளயே இல்லடா, அவரு எப்படி எடுப்பாரு?" நெடுநேரம் கழித்து எழுந்தவரின் முகத்தில் அழுகை இல்லை. கோபம்தான் இருந்தது. பக்தியில் அதுவும் ஒரு வகை, மட்டமான வகையும் இல்லை.

நேரே தலைமையாசிரியர் கஸ்பார் சாமியிடம் போனார். இளகிய மனசுக்காரர், வம்பு என்றால் மட்டும் ஒதுங்குவார்.

"நீ சொல்றது நியாயந்தான் வியாகுலம். ஆனா செம்பு பிடிக்கிற பாக்கியநாதர் உங்க தெருப் பிள்ளைக காலுல தண்ணி ஊத்துவாரா? சண்டையாகும். இந்த வருசம் பொறுத்துக்க."

"எம் மகன் அஞ்சு வருசம் பொறுத்தான் சாமி. செத்தே போயிட்டான்."

அவ்வளவுதான் பேச்சு. அன்று முதல் அம்மையார், வீசி எறியப்பட்ட சுண்ணக்கட்டிப் பெட்டிகளின் அட்டையை வெட்டி, பெயர்களை எழுதத் தொடங்கினார். கரும்பலகையைப் பார்த்துக் கற்ற எழுத்தாகையால் ஒவ்வொன்றும் பலகை எழுத்துப் போலவே பெரிதாக இருந்தது. பானையைக் கழுவி வைப்பவர் அவர்தான். யாருக்கும் தெரியாமல் உள்ளே போட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நம் பிள்ளைகள் என்ன திருட்டுப் பிள்ளைகளா?

வெள்ளிக்கிழமை வந்தது. சிற்றாலயம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பெரிய தெருப் பழைய மாணவர்கள், நடுவில் பட்டு வேட்டியும் வெள்ளிச் செம்புமாகப் பாக்கியநாதர். கஸ்பார் சாமி பானையருகே வந்தபோது, பின்வாசலிலிருந்து வியாகுலம்மாள் நடு நடைபாதையில் நடந்து வந்தார். முந்தானையை விரித்து அறுபத்தொரு சீட்டையும் பானைக்குள் கொட்டினார்.

"ஏய்! என்னத்தப் போடுற?" என்று பாக்கியநாதர் எழுந்தார்.

"பேரு போடுறேன்யா. எழுத விட்டுப்போச்சு."

"யாரக் கேட்டுப் போட்ட?"

"விடும்போது யாரக் கேட்டீக?"

பாக்கியநாதருக்கு முகம் சிவந்தது. "அந்தச் சீட்டு ஒண்ணு வந்தாலும் இந்தச் செம்புலருந்து தண்ணி விழாது, ஆமா!"

அம்மையார் பானையின் வாயில் கைவைத்து நின்றுகொண்டார். "விழ வேணாம்யா. வச்சிட்டுப் போங்க. ஆண்டவரு இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டு முட்டி போட்டாரு. அவருக்கு இல்லாத கவுரவம் ஒங்க செம்புக்கு எங்கருந்து வந்துச்சு?"

பாக்கியநாதர் செம்போடு வெளியேறினார். முன்வரிசை முழுவதும் அவர் பின்னால் போயிற்று. பிள்ளைகள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் கஸ்பார் சாமி மேல். அவர் அங்கியின் கையைச் சுருட்டிக்கொண்டு, பானையின் அடிவரைக்கும் கையை விட்டுச் சீட்டுகளைக் கிளறினார். குருசடித் தெரு மூச்சு விட்டது.

பன்னிரண்டு சீட்டுகள் எடுக்கப்பட்டன. பன்னிரண்டில் ஒன்றுகூடக் குருசடித் தெருப் பெயர் இல்லை.

இவ்வளவு பாடுபட்டும் இப்படியா என்று நமக்கே மனம் உடைகிறது. பிரகாசி விம்மி விம்மி அழுதாள். ஆனால் வியாகுலம்மாள் முகம் மலர்ந்திருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு, "அழாதடி. இன்னைக்கு உம் பேரு உள்ள கெடந்துச்சு. எடுக்காதது ஆண்டவருதான், வேற யாரும் இல்ல. அவருகிட்ட நம்ம அடுத்த வருசம் கேட்டுக்குவோம்" என்றார்.

கஸ்பார் சாமி பிளாஸ்டிக் வாளியில் நீர் கொண்டுவரச் சொல்லி, தாமே மொண்டு ஊற்றிப் பன்னிருவர் பாதங்களையும் கழுவினார். முடித்துவிட்டு, ஈரத் துண்டோடு நடந்து வந்து, வியாகுலம்மாள் முன் முழங்காலிட்டார். சபை திகைத்தது. அம்மையார் இரண்டடி பின்வாங்கினார்.

"எந்திரிங்க சாமி. சீட்டுல எம் பேரு வரல. எரக்கப்பட்டுக் கழுவ வேணாம். சீட்டுல வந்தா நானே நீட்டுறேன்."

அந்த ஓராண்டு அவர் பட்டது கொஞ்சமல்ல. அவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லிப் பெரிய தெரு மனுப் போட்டது. கஸ்பார் சாமி மனுவை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டியதோடு சரி, திறக்கவில்லை. ஊரில் "சீட்டுக்காரி" என்று பட்டப்பெயர் வந்தது. கோயிலில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்த பெரிய தெருப் பெண்கள் எழுந்து போனார்கள். "காத்து நல்லா வருது" என்று அம்மையார் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார். எழுந்துபோன பெண்களின் பிள்ளைகளுக்கும் விடியலில் மந்திரம் சொல்லத் தவறவில்லை. டப்பாவில் இப்போது அறுபத்தொரு பெயர் கூடியிருந்தது, நாளுக்குப் பத்துக்குப் பதில் பன்னிரண்டு எடுக்க வேண்டியதாயிற்று என்பதுதான் ஒரே மாற்றம்.

மறு ஆண்டு கஸ்பார் சாமி எழுத்தரின் கையில் பதிவேட்டைக் கொடுத்து, "ஒரு வரியும் தாண்டக் கூடாது இஞ்ஞாசி. லெபோன் சாமி சொன்னபடி, வாசலுக்குள்ள வர்ற எல்லாரும்" என்றார். ஆசிரியர், வேன் ஓட்டுநர், சமையல்காரர் எல்லாருடைய பெயரும் சீட்டாயின. ஒவ்வொன்றும் சபையில் உரக்க வாசிக்கப்பட்டுப் பானைக்குள் விழுந்தது. பாக்கியநாதரும் செம்போடு வந்திருந்தார். வராவிட்டால் உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடுமே!

கஸ்பார் சாமி கண்ணை மூடி முதல் சீட்டை எடுத்தார். பிரித்தார். உரக்க வாசித்தார்.

"வியாகுலம்மாள்."

அம்மையார் அப்போதுதான் கழிப்பறை வேலையை முடித்துவிட்டுப் பின்வாசலில் வந்து நின்றிருந்தார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரை அதிர்ந்தது. ஒரு வருடம் முன்பு சிங்கம்போல நின்றவருக்கு இப்போது கைகால் ஓடவில்லை.

"சாமி, வேலை செஞ்ச காலு, ஒரே அழுக்கு. செத்த இருங்க, கழுவிட்டு ஓடியாரேன்."

"அதுக்குத்தான் தாயி கூப்புடுறேன்" என்றார் கஸ்பார் சாமி. சிற்றாலயம் முழுவதும் சிரித்தது. அம்மையாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மீதிப் பதினொரு சீட்டில் மூன்று குருசடித் தெருவுக்கு வந்தன. முதல் சீட்டுக்கு முதல் இருக்கை. வியாகுலம்மாள் உட்கார்ந்து, சொன்ன சொல்படி, தம் வலது பாதத்தைத் தாமே நீட்டினார். பித்தவெடிப்பு, ஆசிட் பட்டு வெளுத்த விரல்கள். கஸ்பார் சாமி முழங்காலிட்டு அந்தப் பாதத்தைக் கையில் ஏந்தி நிமிர்ந்து பார்த்தார்.

பாக்கியநாதர் செம்பைப் பிடித்தபடி நின்றார். செம்பு சாயவில்லை. நானூற்றெண்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியாகுலம்மாள் அவரைக் கெஞ்சவில்லை. காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை. அவர் முகத்தையே பார்த்தபடி பாதத்தை நீட்டி வைத்திருந்தார். பாக்கியநாதரின் நெஞ்சு இளகியதா, அத்தனை கண்களுக்கும் அஞ்சினாரா, நமக்குத் தெரியாது. செம்பு சாய்ந்தது. நீர் விழுந்தது.

மனிதர் தாண்டிப் போன பெயரை ஆண்டவர் முதலாவதாக எடுத்தார். இரக்கமாய் வந்ததை மறுத்து, உரிமையாய் வந்தபோது நீட்டிய அந்தத் தாயாரின் பாதங்களை நாமும் வணங்குவோம்.