சத்தத்துக்கு உள்ள சிப்

"எல்லாச் சிப்பும் செத்துப் போச்சு டீச்சர்," என்றார் பூதலிங்கம்.

மெர்லினுக்கு முப்பத்திரண்டு வயது. நாகர்கோவிலில் ஒரு மாடி அறையில் பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்கிறாள். பூதலிங்கத்துக்கு அறுபத்தாறு. ஆறு மாதமாக அவளிடம் வேலை கற்றுக்கொள்கிறார். அவர் டீச்சர் என்று கூப்பிடும்போதெல்லாம் அவளுக்குத்தான் கூச்சம்.

அன்று அவர் கொண்டுவந்தது, டிவியில் மாட்டி ஓட்டுகிற பழைய கம்ப்யூட்டர். மகன் சிவதாணு பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கிக் கொடுத்தது. மகன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. இதை ஒரு தடவையாவது ஓடவைத்துப் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஒவ்வொண்ணா சோதிச்சேன். ஒண்ணுலயும் பேச்சு மூச்சு இல்ல. திரை கறுப்பாவே கிடக்கு. எங்க வீடு மாதிரி."

"வீட்டுல என்ன?"

"யாரும் பேசுறதில்ல. வீட்டுக்காரி பகவதி அடுப்பங்கரையே கதின்னு கிடக்கா. மக போன் பண்ணினா, மழை பெய்யுதான்னு கேட்டுட்டு வச்சிருவா. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. அவன் பேரை யாரும் எடுக்கப்பிடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். கேட்டா எனக்குத் தாங்காது."

மெர்லின் சுவிட்சைப் போட்டு, போர்டில் இருந்த ஒவ்வொரு சிப்பாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். ஒன்று சுட்டதும் விரலை வெடுக்கென்று எடுத்தாள்.

கம்ப்யூட்டரை அணைத்து, அந்த ஒன்றை மட்டும் நெம்பி எடுத்தாள். மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

திரை நீலமானது. மூலையில் ஒரு சின்னக் கட்டம் மின்னி மின்னி நின்றது.

பூதலிங்கம் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"மத்ததெல்லாம் செத்துப் போச்சே?"

"அதுக்கெல்லாம் ஒண்ணுமில்ல சார். எல்லாத்துக்கும் பேச ஒரே வழிதான். இது அந்த வழியை அமுக்கிப் பிடிச்சிருந்துச்சு. மத்ததெல்லாம் இத்தன நாளும் பேசத்தான் பாத்திருக்கும்."

"இது எதுக்கு உள்ள சிப்பு?"

"சத்தத்துக்கு."

அவள் அதை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். சூடு இன்னும் ஆறவில்லை.

"இது ஏன் டீச்சர் இப்படிச் செய்யணும்?"

"என்னைக்கோ பலமா அடி வாங்கியிருக்கு சார். வேணும்னு செய்யல."

அவர் சிப்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

பகவதி அடுப்பங்கரையில் நின்றிருந்தாள்.

"சிவதாணு," என்றார் பூதலிங்கம்.

பகவதி திரும்பவில்லை. மூலையில் மூடி வைத்திருந்த பாத்திரத்தைத் திறந்தாள்.

"இன்னைக்கு அவனுக்குப் பொறந்தநாளு," என்றாள். "போன வருஷமும் பாயசம் வச்சேன். நீங்க பாக்கதுக்கு முன்ன தென்னமரத்து மூட்டுல கொண்டு கொட்டிட்டேன்."