சண்முகக்கனியின் ஈயச்சொம்பும் நாற்பத்து மூன்று குண்டுகளும்

புளியடிக்குறிச்சியில் அறிவாளிகளுக்குப் பஞ்சமே கிடையாது. பஞ்சமெல்லாம் அறிவுக்குத்தான். அப்பேர்ப்பட்ட ஊரிலேயே தலைசிறந்த நான்கு பேர் சேர்ந்து குறிபார்த்துச் சுடும் சங்கம் ஒன்று வைத்திருந்தார்கள். தலைவர் கொம்பையா அண்ணாச்சி. தொண்டையைக் கனைக்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். கனைப்பதற்கும் பேசுவதற்கும் நடுவே யோசிக்கிற பழக்கம் மட்டும் அவரிடம் இல்லை. யோசிக்கிற வேலையை வைகுண்டம் பார்த்துக்கொண்டான். எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன் என்பதால் மற்றவர்களைவிட மூன்று மடங்கு படித்தவன் என்று பெயர். சுடுகிறவன் சித்திரைப்பாண்டி. ஒரு கண்ணை மூடச் சொன்னால் இரண்டையும் மூடிக்கொள்வான், அவ்வளவு பணிவு. செயலாளர் தங்கப்பழம். இந்தக் கதை அவனுடையது, பாவம்.

பக்கத்து ஊர் மேலப்பாறையில் கோயில் கொடைத் திருவிழா வந்தது. கொடையின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை ஏர்கன் சுடும் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். முதல் பரிசு, ஒரு ஈயச்சொம்பு. அதைப் படித்ததும் தங்கப்பழத்துக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அவனுக்குப் பெண்டாட்டி சண்முகக்கனி என்றால் உயிர். அவள் வைக்கிற ரசம் என்றால் அதற்கும் கொஞ்சம் மேலே. அவளிடம் ஒரு ஈயச்சொம்பு ஏற்கெனவே இருந்தது, அவள் அம்மா சீராகத் தந்தது. இன்னொன்றும் வந்துவிட்டால் இரண்டு அடுப்பிலும் ரசம் கொதிக்கும் என்று அவன் கணக்குப் போட்டான்.

அந்த வாரம் சண்முகக்கனி அக்கா மகளின் காதுகுத்துக்குப் புறப்பட்டாள். பஸ் ஏறுவதற்கு முன்னால் சொம்பை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"இங்கேருங்க, வெள்ளிக்கிழமை வந்து இதுலதான் ரசம் வைப்பேன். உங்க கண்ணு முன்னாலயே வச்சுக்கிடுங்க. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அடுத்த பஸ்ஸுல எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். பெறவு வரவே மாட்டேன்."

தங்கப்பழம் சொன்ன சொல் தவறாதவன். சாப்பிடும்போது சொம்பை எதிரில் வைத்துக்கொண்டான். குளிக்கும்போது கிணற்றுச் சுவரில் வைத்தான். தூங்கும்போது கண்ணை மூடினால் அது கண்முன் இருக்காதே என்று முதல் நாள் ராத்திரி முழுக்க விழித்திருந்தான். மறுநாள் சங்கத்துக்குப் போகும்போதும் சொம்பு கூடவே போயிற்று.

சங்கத்தில் புதுத் துப்பாக்கி வந்து இறங்கியிருந்தது. இதுவும் ஏர்கன்தான், ஆனால் திருவிழாவில் பலூன் சுடுகிற சின்ன ஏர்கன் இல்லை. குழாயின் வாய் அரை அங்குலம். சுண்டுவிரல் நுழையுமா என்று சித்திரைப்பாண்டி நுழைத்துப் பார்த்தான், நுழைந்தது. வெளியே எடுக்க ஒரு கிண்ணம் விளக்கெண்ணெயும் ஒரு மத்தியானமும் செலவாயிற்று. லைசென்ஸைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி மாலை சாற்றினார்கள். பிறகு துப்பாக்கிக் கடைக்காரர் சொல்லியனுப்பியதை வைகுண்டம் எழுந்து நின்று வாசித்தான்.

"குண்டைக் கறுப்பு ஈயத்துல நீங்களே வார்க்கணும். எல்லாக் குண்டும் ஒரே எடையா இருக்கணும். சுடும்போது மூச்சை அடக்கணும். அஞ்சு குண்டு ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள்ள விழுந்தா குண்டு சரி. விழலைன்னா குண்டைத்தான் குறை சொல்லணும், துப்பாக்கியைச் சொல்லக் கூடாது."

குண்டு வார்க்க ஒரு இரும்பு அச்சும் கொடுத்திருந்தார்கள். ஈயம்தான் இல்லை. நான்கு பேரும் நாலு பக்கம் பார்த்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் கண் கடைசியில் தங்கப்பழத்தின் மடியில் வந்து நின்றது.

கொம்பையா கனைத்தார். "தங்கப்பழம், அது என்ன சொம்புவே?"

"ஈயச்சொம்பு அண்ணாச்சி. கேக்காதீங்க. கண்ணு முன்னாலயே இருக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

"உருக்கும்போது நீரு கண்ணை மூடிக்கிடுவீரா?" என்றான் வைகுண்டம்.

"மாட்டேன்."

"அப்போ கண்ணு முன்னாலதான உருகுது? சுடும்போதும் நீரு பாத்துக்கிட்டுத்தான இருப்பீரு? மொதல் பரிசும் சொம்புதான். ஒரு சொம்பைக் குடுத்தா ஒரு சொம்பு வருது. வே, ஒமக்கு இதுல நட்டம் எங்க இருக்கு?"

தங்கப்பழம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஒன்று போகிறது, ஒன்று வருகிறது. நட்டம் எங்கேயும் தெரியவில்லை. அவள் வெள்ளிக்கிழமை வருகிறாள், போட்டி ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் ஏனோ அந்த விரல்களில் அகப்படவில்லை. தண்ணீர் ஊற்றாமல் ஈயச்சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்று ஊரில் எல்லாப் பெண்களும் தலையில் அடித்துக்கொண்டு சொல்வார்கள். அன்றைக்கு அவன் முதல் தடவையாக அதை வேண்டுமென்றே செய்தான். சொம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, குழைந்தது, பளபளவென்று ஓடியது. தங்கப்பழம் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் வழிந்தது. புகை என்று சொல்லிக்கொண்டான்.

நாற்பத்து மூன்று குண்டுகள் வந்தன. எல்லாம் வெள்ளி மாதிரி மின்னின.

"கறுப்பு ஈயம்னுல்லா சொல்லியிருக்கு?" என்று சித்திரைப்பாண்டி சந்தேகம் கேட்டான்.

பாராட்ட வேண்டிய சந்தேகம்தான். உடனே வைகுண்டம் அடுப்புக் கரியை எண்ணெயில் குழைத்துக் குண்டுகளுக்குப் பூசினான். கறுப்பு ஈயம் ஆயிற்று. அடுத்தது எடை. நாற்பத்து மூன்றையும் மொத்தமாக மளிகைக் கடைத் தராசில் கொட்டினார்கள். முள் ஒரே இடத்தில் நின்றது. மூன்று தடவை கொட்டியும் அதே இடம்.

"ஒரே எடை," என்று கொம்பையா தீர்ப்புச் சொன்னார். "ஒரு குண்டாவது மாறி இருந்தா முள்ளு ரெண்டு எடம் காட்டியிருக்கும்."

புதன்கிழமை சோதனை. சங்கக் கட்டடத்தின் பின்பக்க மண்சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டி, நூறடி தள்ளிச் சித்திரைப்பாண்டியைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். மூச்சை அடக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தது. யார் அடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று நான்கு பேரும் அடக்கினார்கள். சித்திரைப்பாண்டி குறி பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். தலைவருடைய முகம் முதலில் சிவந்தது, பிறகு நீலமாயிற்று, பிறகு அவர் மரம் மாதிரி சாய்ந்து அவன் முதுகில் விழுந்தார். துப்பாக்கி வெடித்தது. குண்டு பக்கத்துக் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்த வறட்டியில் போய்ப் பதிந்தது.

"மொதல் குண்டு நல்லாத்தான் பதிஞ்சிருக்கு," என்றார் கொம்பையா, எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே. "இனி பாக்கி நாலும் அந்த வறட்டியிலயே விழணும்."

விழவில்லை. ஒன்று காகிதத்துக்கு மேலே, ஒன்று கீழே, ஒன்று பக்கத்தில், ஒன்று தலைவரின் குடையில். தங்கப்பழத்துக்குக் காகிதத்தைப் பற்றிக் கவலையே இல்லை. ஒவ்வொரு குண்டுக்குப் பின்னாலும் ஓடினான். வறட்டியை உடைத்தான், சுவரைத் தோண்டினான், குடையை உதறினான். எடுத்ததைத் துடைத்து மடியில் கட்டிக்கொண்டு, "கண்ணு முன்னாலதான் இருக்கு, கண்ணு முன்னாலதான் இருக்கு," என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டான். சுடாத குண்டுகளோடு நாற்பத்து மூன்றும் சேர்ந்ததும்தான் அவனுக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமையும் ஞாபகத்துக்கு வந்தது.

"வைகுண்டம், நாளைக் கழிச்சு அவ வாரா!" என்று அலறினான். "சொம்பு ஞாயித்துக்கிழமைல்லா வருது! நடுவுல ரெண்டு நாள் நான் என்னவே செய்ய? பஸ் ஏறிருவா. அவ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு உண்மையாகவே அழுதான். மற்றவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள். மடையர்கள்தான், ஆனால் கல்நெஞ்சர்கள் இல்லை.

"இதுக்கா வே அழுவுதீரு? திரும்ப உருக்கி ஊத்திட்டாப் போச்சு," என்றான் வைகுண்டம்.

உருக்கினார்கள். கையில் இருந்த ஒரே அச்சில் ஊற்றினார்கள். ஆறவிட்டுத் திறந்தார்கள். நாற்பத்து மூன்று குண்டுகள். இந்தத் தடவை இன்னும் பக்தியோடு, சூடம் கொளுத்திவிட்டு ஊற்றினார்கள். நாற்பத்து மூன்று குண்டுகள். மூன்றாவது தடவை தங்கப்பழம் அச்சின் காதருகே குனிந்து, "சொம்பு, சொம்பு," என்று சொல்லிக்கொண்டே ஊற்றினான். அச்சுக்கும் காது கேட்கவில்லை.

வியாழக்கிழமை பூராவும் வைகுண்டம் யோசித்தான். வெள்ளிக்கிழமை காலையில் முகம் விளங்க வந்து நின்றான்.

"குறி சரியா இருந்தா நெனச்ச எடத்துல குண்டு போய் ஒக்காரும். சரியா?"

"சரி," என்றார் தலைவர்.

"அப்போ சுவத்துல சொம்பு படம் வரைவோம். வாய்க்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை, வயித்துக்கு இத்தனைன்னு கோட்டு மேலயே சுடுவோம். குண்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். சுவத்துல இருந்து பேத்து எடுத்தா சொம்பு. குண்டுக்குச் சோதனையும் ஆச்சு, அவனுக்குப் பொண்டாட்டியும் ஆச்சு."

தலைவருக்குக் கனைப்புகூட வரவில்லை. இப்படி ஒரு மூளை இந்த ஊரில் பிறக்க நாம் என்ன தவம் செய்தோம் என்கிற மாதிரி வைகுண்டத்தைப் பார்த்தார்.

தங்கப்பழமே சுண்ணாம்பால் வரைந்தான். அவளுடைய சொம்பின் இடுப்பில் இருந்த சின்ன நசுங்கலைக்கூட விடவில்லை. சித்திரைப்பாண்டி சுடத் தொடங்கினான். பத்துக் குண்டு போயிற்று, இருபது போயிற்று. ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே போய் லைசென்ஸில் மாலைக்கு நடுவே ஓட்டை போட்டது. நாற்பத்து மூன்றும் முடிந்தபோது சுவரில் சொம்பு இருந்த இடம் மட்டும் துளிக் காயமில்லாமல் சுத்தமாக இருந்தது.

"ஓட்டையெல்லாம் சேத்துப் பாத்தா யானை மாதிரி வந்திருக்கு," என்றான் சித்திரைப்பாண்டி, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு.

"யானைல ரசம் வைக்க முடியுமாலே?" என்று தங்கப்பழம் கத்தினான்.

அப்போது பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. கூடவே கண்ணாடி வளையல் சத்தமும் கேட்டது. சண்முகக்கனி பையும் கையுமாக நின்றிருந்தாள். சுவரைப் பார்த்தாள், சுண்ணாம்புச் சொம்பைப் பார்த்தாள், இடுப்பு நசுங்கலைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த ஊரில் ஏழு வருஷம் வாழ்ந்தவள் அல்லவா?

"சொம்பு எங்க?"

தங்கப்பழம் ஓடிப்போய்ச் சுவரைத் தோண்டி, லைசென்ஸுக்குப் பின்னாலும் நோண்டி, கரியும் மண்ணுமாக நாற்பத்து மூன்றையும் அவள் முந்தானையில் கொட்டினான். "எல்லாம் இருக்கு. ஒண்ணு கொறையலை. கண்ணு முன்னாலதான் இருந்துச்சு கனி, சத்தியமா கண்ணை எடுக்கவே இல்லை."

அவள் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். தங்கப்பழம் அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பஸ் புறப்பட்டுப் போயிற்று.

"நாலு பேரும் கையக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க," என்றாள்.

குண்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். சாதாரணச் சட்டியில் ரசம் கொதித்தது, அதற்குள் குண்டுகள் கடகடவென்று உருண்டன. நான்கு பேரும் இலை முன்னால் தலை குனிந்து உட்கார்ந்தார்கள். சோற்றில் குழி பறித்துக்கொண்டார்கள். அவள் திட்டிக்கொண்டே கரண்டியை ஓங்கி ஊற்றினாள். கொம்பையாவின் குழியில் ரசத்தோடு ஐந்து குண்டுகள் பொத்தென்று விழுந்தன. சித்திரைப்பாண்டிக்கு ஐந்து, வைகுண்டத்துக்கு ஐந்து. கட்டிய புருஷன் என்பதால் தங்கப்பழத்துக்கு இருபத்தெட்டு.

"சுட்டவங்களே தின்னுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மற்றவர்கள் அடுக்களை வாசலைப் பார்த்தார்கள். கொம்பையா மட்டும் இலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் குழியின் மேல் பிடித்தார்.

"ஏலே, அஞ்சும் காசுக்குள்ள இருக்குலே!"

மற்ற இலைகளிலும் வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் காசுக்குள். தங்கப்பழத்தின் இருபத்தெட்டும் குவிந்து கிடந்தது, ஒன்றுகூடச் சோற்றைத் தாண்டவில்லை.

"அவ மூச்சைக்கூட அடக்கலைவே," என்றான் வைகுண்டம். "திட்டிக்கிட்டேதான் ஊத்துனா. அப்போ நம்ம குண்டுல குத்தமில்லை."

"துப்பாக்கியையும் குறை சொல்லக் கூடாதுன்னு கடைக்காரர் சொல்லியிருக்காரு," என்றான் சித்திரைப்பாண்டி.

அதனால் இரண்டையும் குறை சொல்லாமல், அங்கேயே கை கழுவுவதற்கு முன்னால் தீர்மானம் போட்டார்கள். அடுக்களை வாசலில் நின்று தங்கப்பழம் கரண்டியைக் கேட்டான்.

"கொண்டு போங்க," என்றாள் சண்முகக்கனி. "வரும்போது சொம்போட வரலைன்னா அந்தப் பஸ்ஸு தெனமும் வருது, மறந்துராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை மேலப்பாறைத் திடலில் சனம் நெருக்கியடித்து நின்றது. புளியடிக்குறிச்சி என்று மைக்கில் கூப்பிட்டார்கள். சித்திரைப்பாண்டி கம்பீரமாக நடந்துபோய்க் குப்புறப் படுத்தான். கரண்டியைத் தோளில் அணைத்து, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டான். கொம்பையா ரசச்சட்டியைச் சுமந்து வந்து பக்கத்தில் வைத்தார். வைகுண்டம் குண்டுகளைக் கலக்கிவிட்டான். தங்கப்பழம் எல்லாச் சாமியையும் கும்பிட்டான், அவனுக்குத்தானே தெரியும் வீட்டில் பஸ் காத்திருப்பது!

நடுவர் கரண்டியைப் பார்த்தார், சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒருவழியாகச் சுதாரித்துக்கொண்டு, நூறடி தூரத்தில் கட்டியிருந்த தேங்காயைக் காட்டி, "அதோ குறி. ம், ஆரம்பிங்க," என்றார்.

நான்கு பேரும் தேங்காயைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தங்கப்பழம் பணிவாக நடுவரிடம் போனான்.

"குறியெல்லாம் சரிதான் அண்ணாச்சி. மொதல்ல அந்தத் தேங்காய்க்குக் கீழ எலையைப் போட்டுச் சோத்தை வைக்கச் சொல்லுங்க, நாங்க எவ்வளவு நேரந்தான் மூச்சை அடக்கிக்கிட்டு நிக்க?"