தயிர்க்காரிக்குத் தெரிந்த ராஜ ரகசியம்

முன்னொரு காலத்திலே ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா, எந்தக் காலத்து ராஜா என்று என்னைத் துருவாதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பேர் மாணிக்கவர்மன். நல்ல மனுஷன்தான். ஆனால் அவருக்குத் திடீரென்று ஒரு பித்துப் பிடித்தது. பெரிய ராஜாக்கள் எல்லாம் ரகசியம் காப்பார்களாம், நாமும் காக்க வேண்டும் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

அவ்வளவுதான். அரண்மனையில் அன்று முதல் எல்லாமே ரகசியம். மதியத்துக்கு என்ன குழம்பு என்பது ரகசியம். சமையற்காரன் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் கூடைமேல் துணியைப் போட்டு மூடித்தான் கொண்டுவர வேண்டும். ராஜா குளித்துவிட்டாரா என்று கேட்டால் வாயிற்காவலன் வானத்தைப் பார்ப்பான். ஊர் சிரித்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் நீங்களும் விட்டுவிடலாம். ஆனால் அந்த நாட்டின் வடவாசலும் ரகசியமாகிப் போனதுதான் வினை.

வடவாசல் என்பது எல்லைக் கோட்டையின் வாசல். அதைத் தாண்டி ஓர் ஆறு, ஆற்றைத் தாண்டினால் அக்கரை நாடு. அந்த நாட்டைச் சேனாபதி வச்சிரபாகு எதிரி நாடு என்பார். அயல்நாட்டு அமைச்சர் நயனசீலர் நட்பு நாடு என்பார். அக்கரையில் இருந்தவர்களோ இரண்டையும் கேட்டுக்கொண்டு தங்கள் பிழைப்பைப் பார்த்தார்கள்.

வடவாசலை ஒட்டிய ஊரில்தான் ராஜாவின் சபையில் விகடகவியாக இருந்த நம் திருமேனியின் அக்கா செம்பாயி வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒருநாள் காலையில் ஒரு காத வழி நடந்து தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள். திருமேனிக்குப் பகீரென்றது. அக்கா காரணமில்லாமல் நடக்கிறவள் அல்ல.

"என்னக்கா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"இப்ப சௌக்கியந்தான்டா. இன்னும் இருபது நாள்ல அறுப்பு. அதுக்கப்புறம் எப்படின்னு நீதான் சொல்லணும்."

விஷயம் இதுதான். போன வருஷம் அறுப்பு முடிந்த கையோடு அக்கரையிலிருந்து கொள்ளைக் கூட்டம் வந்து களத்து நெல்லை வாரிக்கொண்டும் எருமைகளை ஓட்டிக்கொண்டும் போய்விட்டது. செம்பாயியின் புருஷனுக்குத் தோளில் வெட்டு. அந்தக் கை இன்னும் மேலே தூக்க வரவில்லை.

"இந்த வருஷமும் வருவாங்கடா. வராம என்ன? கதவுதான் மூடறதே இல்லையே!"

"கோட்டைக் கதவு மூடறதில்லையா?" திருமேனி எழுந்தே விட்டான்.

"மூணு வருஷமா மூடலை. அக்கரை ராஜா விருந்துக்கு வந்தாரே, அப்ப மாலை போட வாசலுக்கு உள்பக்கமா ஒரு கல்மேடை கட்டினாங்க. கதவு உள்பக்கமாத் திறக்கிற கதவு. திறந்து மேடையைக் கட்டிட்டாங்க. இப்ப மூடப் போனா மேடை இடிக்குது. சேனாபதி ஆளுங்ககிட்டக் கேட்டா, கதவு எங்களது, மேடை அமைச்சரோடதுங்கறாங்க. அமைச்சர் ஆளுங்ககிட்டக் கேட்டா, அது நட்பு மேடை, இடிச்சா நட்பு போயிடும், கதவைப் பத்திச் சேனாபதிகிட்டக் கேளுங்கறாங்க. எங்க உசுரு யாரோடதுன்னு ஒருத்தரும் சொல்லலை."

திருமேனிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "நீ சாப்பிட்டுட்டுப் படு அக்கா. நான் கேக்கறேன்" என்றான்.

கேட்பதற்கு அவனுக்கு உரிமை இருந்தது. அந்தச் சபையில் ஒரு பழைய வழக்கம். ராஜாவின் தகப்பனார் ஏற்படுத்தியது. வெள்ளிக்கிழமைதோறும் முற்பகலில் சபை நடுவே ஒரு பலாமரப் பலகை போடுவார்கள். அதற்குக் கேள்விப் பலகை என்று பெயர். சபையோரில் ஒருவர் அதில் உட்கார்ந்து எந்த அமைச்சரையும் எதையும் கேட்கலாம். கேட்கிறவர் உட்கார்ந்திருப்பார், பதில் சொல்கிற அமைச்சர் நிற்க வேண்டும். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை போட்ட ஒரு செப்புக் கிண்ணம் மிதக்கும். அது நிறைந்து மூழ்கியதும் கேள்வி நேரம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. திருமேனி பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"சேனாபதி அவர்களே, வடவாசல் கதவு மூடுமா, மூடாதா?"

வச்சிரபாகு எழுந்தார். மீசையைத் தடவினார். "மகாராஜாவின் புகழ் திக்கெட்டும் பரவியிருக்கிறது" என்று ஆரம்பித்தார். மகாராஜாவின் பாட்டனார் வென்ற போர்களைச் சொன்னார். தகப்பனார் வென்றவற்றைச் சொன்னார். நடுவில் யானைகளின் வகை வந்தது. குதிரைகளின் சுழி வந்தது. கதவு மட்டும் வரவில்லை. "ஆகவே..." என்று அவர் இழுத்தபோது கிண்ணம் குளுக்கென்று மூழ்கியது.

சபை கலைகிற நேரத்தில் நயனசீலர் ராஜாவின் பக்கத்தில் போய் மெல்லப் பேசினார். "மகாராஜா, கோட்டையைப் பற்றிச் சபையில் இப்படிக் கேட்டால் அக்கரை நாட்டாருக்கு நம் ரகசியம் போய்விடாதா? திருமேனி விளையாட்டுப் பிள்ளை. அறியாமல் செய்கிறார்."

ரகசியம் என்ற சொல் காதில் விழுந்ததும் ராஜா நிமிர்ந்தார். சேனாபதியும் அமைச்சரும் அன்றுதான் முதல்முறையாக ஒரே கருத்தைச் சொன்னார்கள். அங்கேயே ஓலையில் ஆணை எழுதப்பட்டது. 'படை, கோட்டை, அயல்நாடு ஆகியவை பற்றி அக்கரை நாட்டார் அறியாத எதையும் சபையில் வெளியிடுபவர் இந்நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.' வாசகத்தைச் சொன்னவர் நயனசீலர். சொல்லும்போது திருமேனியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

திருமேனி கைகட்டி நின்று கேட்டான். "மகாராஜா, 'அக்கரை நாட்டார் அறியாத' என்றுதானே எழுதியிருக்கிறது?"

"ஆம். அப்படியேதான்."

"மிக்க மகிழ்ச்சி, மகாராஜா. ஒரு நகல் கிடைக்குமா?"

கொடுத்தார்கள். சேனாபதியும் அமைச்சரும் திருமேனியின் வாயை அடைத்தாயிற்று என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டில் செம்பாயி அழவே தொடங்கிவிட்டாள். "வேண்டாம்டா தம்பி. என் ஊருக்காக உன்னைத் துரத்திடுவாங்க. நாங்க எங்கேயாவது போய் இருந்துக்கறோம்."

திருமேனிக்கு உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. பெண்டாட்டியோடு எந்த ஊரில் போய்ப் பாட்டுப் பாடிப் பிழைப்பது என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு கேட்டான்: "அக்கா, அக்கரையிலேர்ந்து வடவாசல் வழியா யாராவது தினமும் வர்றாங்களா?"

"ஏன், தயிர்க்காரி மாராயி வர்றாளே! பொழுது விடிஞ்சா பானையைத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் நடந்து வந்து, அங்கேர்ந்து வண்டியில போய்த் தலைநகர் பூரா ஊத்திட்டுப் போறா. உங்க சேனாபதி வீட்டுக்கே அவதான் தயிர்."

"அப்படிப் போடு!" என்று திருமேனி தொடையைத் தட்டினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை. கேள்விப் பலகையில் திருமேனி உட்கார்ந்தபோது சபையில் ஒரு முணுமுணுப்பு. அவன் பக்கத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, தயிர்ப் பானையும் தலைச் சும்மாடுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"யார் இவள்?" என்றார் ராஜா.

"மகாராஜா, அக்கரை நாட்டார் அறியாததைச் சபையில் சொல்லக் கூடாது என்பது தங்கள் ஆணை. அவர்கள் எதை அறிவார்கள், எதை அறியமாட்டார்கள் என்று அடியேனுக்கு எப்படித் தெரியும்? அவர்களைக் கேட்டால்தானே தெரியும்! அதனால் அக்கரை நாட்டார் ஒருவரையே அழைத்து வந்திருக்கிறேன். இவர் பெயர் மாராயி. இவர் தெரியும் என்று சொல்வதை மட்டுமே நான் வாயால் உச்சரிப்பேன். தெரியாது என்றால் அப்படியே எழுந்து போய்விடுகிறேன்."

வச்சிரபாகு குதித்தார். "மகாராஜா! கண்டவளையெல்லாம் சபைக்குள் விடுவதா? இவள் அக்கரைக்காரி என்பதற்கு என்ன சாட்சி?"

மாராயி அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "அய்யோ, சேனாபதி ஐயாவா! நல்லா இருக்கீங்களா? நேத்துத் தயிர் புளிச்சிடுச்சுன்னு அம்மா ஏசினாங்க. அக்கரை வெயில் அப்படி ஐயா, நான் என்ன பண்ணட்டும்?"

சபையில் யாரோ இருமினார்கள். சேனாபதி உட்கார்ந்துவிட்டார்.

ராஜாவுக்கு ஆவல் வந்துவிட்டது. "அஞ்சாமல் சொல் அம்மா. உனக்கு ஒரு தீங்கும் வராது. நம் வார்த்தை" என்றார்.

திருமேனி கேட்டான். "மாராயி அம்மா, வடவாசல் கதவு மூடுமா மூடாதா, தெரியுமா?"

"இது என்னங்க கேள்வி? மூடாது. மேடை இடிக்குதே!"

"அந்த மேடை எதற்கு?"

"பானை இறக்கறதுக்கு" என்றாள் மாராயி. "நல்ல உசரம். யார் கையையும் எதிர்பார்க்காம நாமே இறக்கி நாமே தூக்கிக்கலாம். கட்டின மகராசன் நல்லா இருக்கணும்."

நயனசீலர் தரையைப் பார்த்தார்.

"காவல் எத்தனை பேர்?"

"நாலு பேருங்க. ஒருத்தருக்கு முழங்கால் வலி, மேடை நிழல்ல படுத்திருப்பார். ஒருத்தர் அவருக்குக் கால் பிடிச்சு விடுவார். அப்ப ரெண்டுன்னு வச்சுக்கலாமா?"

"வைத்துக்கொள்ளலாம். போன வருஷம் கொள்ளைக் கூட்டம் வந்ததே, அது தெரியுமா?"

மாராயி கொஞ்சம் தயங்கினாள். "அதுங்க எங்க ஊருப் பேரைக் கெடுக்க வந்த கழிசடைங்க. தெரியும்."

"அவர்கள் யானைகளை விட்டுக் கதவை உடைத்துத்தானே உள்ளே வந்தார்கள்?"

"யானையா?" மாராயி வாயில் கை வைத்துக்கொண்டாள். "எதுக்குங்க உடைக்கணும்? நான் எப்படி வர்றேனோ அப்படித்தான் வந்தாங்க. நடந்து."

இப்போது சபையில் ஒருவரும் இருமவில்லை. ஏனென்றால் வச்சிரபாகுவின் மார்பில் ஒரு தங்கப் பதக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. நூறு யானைகள் கதவை உடைத்து வந்தபோது தனியாக நின்று தடுத்து, உடனே கதவையும் சரிசெய்தவர் என்று போன வருஷம் ராஜா தம் கையாலேயே மாட்டியது அது. ராஜா பதக்கத்தைப் பார்த்தார். சேனாபதி மெதுவாக மேலாடையை இழுத்து அதை மூடினார்.

தொட்டியில் கிண்ணம் இன்னும் பாதிகூட நிறையவில்லை.

ராஜா திருமேனியின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "திருமேனி, இந்தக் கதவு மூடாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"அக்கரை நாட்டில் எல்லோருக்கும் தெரியும், மகாராஜா. வடவாசல் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சேனாபதிக்குத் தெரியும், அமைச்சருக்குத் தெரியும். தயிர் வண்டி மாட்டுக்குக்கூடத் தெரியும், அங்கே வந்ததும் தானாக நின்றுவிடுகிறது. உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இது ரகசியமாக இருந்தது."

"யாருக்கு?"

திருமேனி எழுந்து ராஜாவுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

ராஜாவின் முகம் சிவந்தது. அப்புறம் உதடு துடித்தது. அப்புறம் சிரிப்பு வந்தது பாருங்கள்! கிரீடம் ஒரு பக்கம் சாய, கண்ணில் நீர் வழிய, சிங்காசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "என் குழம்பை மூடி வைத்தேன், கோட்டையைத் திறந்து வைத்தேன்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அமைச்சர்களைப் பார்த்தார். குரல் மாறியிருந்தது.

"சேனாபதியாரே, கதவு உம்முடையது. அமைச்சரே, மேடை உம்முடையது. மேடையை அகற்றிக் கதவு மூடும்வரை இருவரும் வடவாசலில் ஆளுக்கொரு பக்கமாக நில்லுங்கள். அது இரட்டைக் கதவு, நீங்களும் இருவர்; அதுவரை நீங்கள்தான் கதவு. வருகிறவர் போகிறவருக்கு நீங்களே மூடித் திறந்து விடுங்கள். அந்தப் பதக்கத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போகலாம்."

இருவரும் போனார்கள். மூன்று வருஷமாக இடிக்க முடியாத மேடை எத்தனை நாளில் இடிந்தது என்கிறீர்கள்? இரண்டரை நாளில். நயனசீலரே கடப்பாரை பிடித்தார் என்று செம்பாயி சொன்னாள். அவள் வாயில் பொய் வராது. காவலும் நாலிலிருந்து நாற்பதானது. அறுப்புக்கு ஏழு நாள் இருக்கும்போது, பொழுது சாய்கிற வேளையில், வடவாசல் கதவு கிரீச்சென்று முனகிக்கொண்டு மூடியது. ஊரே வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டது. செம்பாயியின் புருஷன் தூக்க வராத கையையும் தூக்கப் பார்த்தான்.

ராஜா திருமேனியைக் கூப்பிட்டு ஒரு பட்டுச் சால்வை போர்த்தினார். "வேறென்ன வேண்டும், கேள்" என்றார்.

"அந்த ஆணை ஓலையில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும், மகாராஜா. அக்கரை நாட்டார் அறிந்தது எதுவானாலும் அதை எங்கள் ராஜாவுக்கும் உடனே சொல்லிவிட வேண்டும் என்று."

ராஜா தம் கையாலேயே எழுதினார். அன்று மதியம் அரண்மனையில் கத்தரிக்காய்க் குழம்பு என்று ஊருக்கெல்லாம் தெரிந்தது.

எல்லோருக்கும் சந்தோஷம், மாராயி ஒருத்தியைத் தவிர. அடுத்த வெள்ளிக்கிழமை அவளே சபை வாசலில் வந்து நின்றாள். "உங்களை நம்பி வாயைத் திறந்தேன் பாருங்க!" என்று திருமேனியிடம் பொரிந்தாள். "இப்ப தினமும் கதவைத் தட்டி, பேர் சொல்லி, பானையைத் திறந்து காட்டி, அதுக்கப்புறம் உள்ளே வரணுமாம். பானை இறக்கற மேடையும் போச்சு. தலை வலிக்குது."

உள்ளே இருந்து இதைக் கேட்ட ராஜா மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தார். கதவுக்கு வெளியே, அது மூடுவதற்கு இடைஞ்சல் இல்லாத தூரத்தில், பானை இறக்க ஒரு சுமைதாங்கிக் கல் நடச் சொன்னார். எவ்வளவு தூரம் என்று திருமேனியே கயிறு பிடித்து அளந்து கொடுத்தான். கதவு இருந்த நாள்வரை அந்தக் கல்லும் அங்கே இருந்தது, மாராயிக்குத் தலைவலியும் தீர்ந்தது, செம்பாயி வீட்டு நெல்லும் வீடு வந்து சேர்ந்தது.