நல்ல இடமாகப் பார்த்து

காரியத்தை முதலில் கெடுத்தது மிதுன்தான். அதில் செங்கோடனுக்குச் சந்தேகமே கிடையாது.

மிதுன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி வைத்திருந்தான். லாரி டிரைவர்களுக்குச் செல்போனில் வழி சொல்லும் செயலி செய்கிற கம்பெனி. கண்ணாடிக் கட்டடம், மூன்றாவது மாடி. லாரி ஓட்டியே காலத்தைக் கழித்த செங்கோடனை அவனே லாரிப் பேட்டைக்குத் தேடி வந்து வேலைக்குக் கூப்பிட்டான். அப்போதுதான் கண் பரிசோதனையில் தேறவில்லை என்று செங்கோடனுக்கு லைசென்ஸைப் புதுப்பித்துத் தர மறுத்திருந்தார்கள். வயது ஐம்பத்தெட்டு. படிப்பு ஐந்தாவது. ஸ்டீயரிங்கும் போனால் பேட்டையில் காவலுக்கு உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நேரத்தில் வந்த வேலை இது.

கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கார்டு கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு பேட்டைக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"எனக்கு என்ன வேலைங்க தம்பி?" என்று முதல் நாளே கேட்டார்.

"உங்க அனுபவத்தை அப்படியே கொண்டு வாங்க அங்கிள். அவ்வளவுதான்."

அங்கிள் என்றதையே செங்கோடன் மனதில் வைத்துக்கொண்டார். அனுபவத்தைக் கொண்டு வந்து எங்கே இறக்குவது என்று அவன் சொல்லவில்லை.

ஒரு வாரம் பொறுத்து மறுபடியும் கேட்டார்.

"நீங்களே பார்த்து ஏதாவது எடுத்துச் செய்ங்க அங்கிள்."

அதற்கப்புறம் கேட்டபோது மிதுன் போனில் பேசிக்கொண்டிருந்தான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

செங்கோடன் நாற்காலியில் உட்கார்ந்தார். தப்பாக எதையாவது செய்துவிடக் கூடாது என்று எதையும் செய்யவில்லை. சரக்கு எந்த ஊருக்குப் போகிறது என்று தெரியாமல் வண்டியை எடுக்கிற ஆள் இல்லை அவர்.

இரண்டு மாதம் போனதும் மிதுன் அவரைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டான்.

"எதிர்பார்த்த மாதிரி நீங்க இன்னும் வரலை அங்கிள்."

"என்ன எதிர்பார்த்தீங்க?"

"அது உங்களுக்கே தெரியணும் இல்லையா? சரி, இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்க்கலாம். செட் ஆகலைன்னா ரெண்டு பேருக்கும் சங்கடமில்லாம பிரிஞ்சுக்கலாம்."

செங்கோடன் வெளியே வந்தார். அவர் ஒன்றை மனதில் வைத்தால் வைத்ததுதான். பவானியில் ஒரு டீக்கடைக்காரன் பின்னால் வந்தவனுக்கு முதலில் டீயைக் கொடுத்தான் என்று, அப்புறம் இஞ்சின் கொதித்தாலும் அந்தக் கடை முன்னால் அவர் வண்டியை நிறுத்தியதில்லை. அவர் மனதில் அந்தக் கடைக்காரன் பக்கத்தில் இப்போது மிதுனும் போய் உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை செங்கோடன் மடத்துக்குப் போனார்.

நொய்யல் கரையில், டவுன் பஸ் வந்து திரும்புகிற இடத்தில், ஓடு போட்ட சின்ன மடம். செங்கோடன் பெரிய சாமியின் சீடர். பெரிய சாமி போன பிறகு சின்னச் சாமி பொறுப்புக்கு வந்தார். செங்கோடனைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். தாடியில் ஒரு நரைகூடக் கிடையாது. முதலில் செங்கோடனுக்கு அது கொஞ்சம் நெருடலாகத்தான் இருந்தது. பெரிய சாமி கைகாட்டிய ஆள் என்பதால் இவரையும் குருவாக ஏற்றுக்கொண்டார்.

பெரிய சாமி கடைசியாகச் சின்னச் சாமியைப் பார்த்துச் சொன்னது ஒரே வார்த்தை. "பார்த்துக்கோ." சொல்லிவிட்டுக் கண்ணை மூடியவர் திறக்கவில்லை. அதைப் பெரிய உபதேசம் என்று பக்தர்கள் கொண்டாடினார்கள். மடத்து கேட்டுக்கு மேலே பச்சைப் பெயிண்டில் எழுதியும் வைத்தார்கள்.

செங்கோடன் போனபோது சின்னச் சாமி பின்பக்கம் பெரிய சாமியின் சமாதியைக் கழுவிவிட்டு வந்துகொண்டிருந்தார். சமாதி மேல் பூ இல்லை. ஒரே ஒரு செம்பருத்தி தண்ணீர் ஓடுகிற காவா ஓரத்தில் கிடந்தது. கை தவறி விழுந்திருக்கும் என்று செங்கோடன் நினைத்தார். கேட்கவில்லை. கேட்பதற்கு அவருக்கு வேறு இருந்தது.

"சாமி, என்ன வேணும்னு சொல்லாத மொதலாளிகிட்ட எப்படிங்க வேலை செய்யறது?"

நடந்ததையெல்லாம் கொட்டினார். கார்டையும் காட்டினார். சின்னச் சாமி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு சுவர்க்கடிகாரத்தை எடுத்து வந்தார். ஏதோ நகைக்கடை கொடுத்தது. முள்ளுக்குப் பின்னால் கடையின் பெயரும் ஒரு ஜோடி தோடும் இருந்தன. மணிக்கு ஒருமுறை அடிக்கிற ரகம்.

"இதை மாட்டிடுங்க. ஆணியும் சுத்தியலும் அடுப்படியில இருக்குது."

"எங்கீங்க மாட்டறது?"

"நல்ல இடமாப் பார்த்து."

"எந்தச் செவுரு சாமி?"

"நீங்களே பார்த்து மாட்டுங்க."

செங்கோடன் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மடத்தைச் சுற்றினார். ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். மடத்துச் சுவர். ஒரு தடவை ஓட்டை போட்டால் போட்டதுதான். திரும்பி வந்தார்.

"வாசப்படிக்கு மேல மாட்டட்டுங்களா?"

"உங்களுக்குத் தெரியாததா?"

மறுபடியும் சுற்றினார். கடிகாரம் அவர் கையிலேயே ஒரு தடவை மணி அடித்தது. சமையல் செய்கிற அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்கண்ணா, கைக்கொழந்தையைத் தூக்கிட்டுத் திரியற மாதிரி திரியறீங்க?" என்றார்.

செங்கோடனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. நேரே கூடத்துக்குப் போனார். சின்னச் சாமி தியானத்துக்கு உட்காருகிற பலகைக்கு எதிர்ச் சுவரில், கண்ணுக்கு நேராக, ஒரு பழைய ஆணி இருந்தது. கடிகாரத்தை அதில் மாட்டினார். தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

"அங்கே வேண்டாம்" என்றார் சின்னச் சாமி உடனே. "கண்ணைத் தொறந்தா மணி தெரியும். மூடினா சத்தம் கேக்கும்."

செங்கோடன் அதைக் கழற்றினார். பந்தி போடுகிற இடத்துக்குக் கொண்டுபோய் ஜன்னல் கம்பியில் மாட்டினார்.

"அங்கேயும் வேண்டாமுங்க. சாப்பிடறவங்க இலையைப் பார்க்காம மணியைப் பார்ப்பாங்க. பஸ்ஸுக்கு ஓடறவங்க பாதிச் சோத்தை வெச்சுட்டுப் போயிடுவாங்க."

சொல்லிவிட்டுச் சின்னச் சாமி கொஞ்சம் நின்றார்.

"பஸ்" என்றார். "வெளிய போறவங்களுக்குத்தான் மணி வேணும். கேட்டுப் பக்கம், செருப்புப் போடற இடத்துல மாட்டுங்க. செருப்பை மாட்டும்போது நிமிர்ந்து பார்த்தாத் தெரியற மாதிரி."

செங்கோடன் அங்கே போய் ஆணி அடித்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழே."

கீழே இன்னொரு ஆணி அடித்து மாட்டினார். சரியாக இருந்தது. பச்சைப் பெயிண்டுக்கு அடியில், நகைக்கடைத் தோடு மினுங்கியது.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா ஒரே ஆணியில முடிஞ்சிருக்குமே சாமி?"

"மொதல்ல எனக்கே தெரியாதுங்களே" என்றார் சின்னச் சாமி.

செங்கோடன் சுத்தியலை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தார். சாப்பிட்டார். இலையை எடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மிதுனிடம் போனார். லாரி நிறுத்த வசதியுள்ள சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சேலம் ரோட்டில் எது, பாலக்காட்டு ரோட்டில் எது, எதில் குளிக்கத் தண்ணீர் கிடைக்கும் என்று.

"அது இப்ப வேண்டாம் அங்கிள்" என்றான் மிதுன். "கடை, பெட்ரோல் பங்க் எல்லாம் அடுத்த வருஷம்."

செங்கோடன் தலையாட்டிவிட்டு வந்தார். வேண்டாம் என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனார். இந்த முறை தன் குரலையே போனில் பதிவு செய்து கொண்டுபோயிருந்தார். மலைப் பாதையில் இறங்கும்போது செயலி எப்படிப் பேசலாம் என்று காட்டுவதற்கு.

போன் பேசியது. "டேய், கியரை எறக்குடா. பிரேக்கை நம்பாத. நம்பினவனெல்லாம் கீழ கெடக்கறான், எட்டிப் பாரு."

அடுத்த மேஜைகளில் சிரித்தார்கள். மிதுனும் சிரித்துவிட்டான். பிறகு தலையை ஆட்டினான்.

"ஐயோ அங்கிள், இதுவும் வேண்டாம். குரல் நம்மகிட்ட நல்லாவே இருக்கு. குரல்ல பிரச்சினையே இல்ல. டிரைவருங்க நம்ம ஆப்பைப் போடறாங்க, பாதி வழியில ஆஃப் பண்ணிடறாங்க. ஏன்னுதான் தெரியலை..."

அவன் நிறுத்தினான். செங்கோடனைப் பார்த்தான்.

"ஏன் ஆஃப் பண்றாங்க அங்கிள்?"

"தெரியாதுங்களே தம்பி."

"அதைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும்" என்றான் மிதுன். ரொம்ப நாளாகச் சொல்லி அலுத்துப்போனவன் மாதிரி சொன்னான்.

செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டார். அன்றைக்கே பேட்டைக்குப் போனார். யாரையும் விசாரிக்கவில்லை. ஈரோடு வரைக்கும் ஒருவன் வண்டியில், பொள்ளாச்சி வரைக்கும் இன்னொருவன் வண்டியில் என்று பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து போனார். டிரைவர்கள் பாட்டுப் போட்டார்கள். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது செயலி குறுக்கே புகுந்து இடது பக்கம் திரும்பச் சொன்னது. பாட்டு நின்றது.

"சம்பந்தி மாதிரி நடுவுல நடுவுல பேசுதுண்ணா" என்று சொல்லி ஒருவன் அதை அணைத்தான்.

இன்னொருவன் ஒன்றுமே சொல்லாமல் அணைத்தான்.

செங்கோடன் வந்து சொன்னார். மிதுனின் ஆட்கள், நாங்களும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தோம் என்றார்கள். பாட்டு நிற்காமல் வழி சொல்கிற மாதிரி அதை மாற்றினார்கள். அணைக்கிறவர்கள் குறைந்தார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் குறைந்தார்கள்.

மாதக் கடைசியில் மிதுன் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தான். கேக் வந்தது.

"அங்கிளுக்கு வேலை நிரந்தரம்" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். "நான் முதல் நாளே அங்கிள்கிட்டத் தெளிவாச் சொன்னேன். உங்க அனுபவத்தைக் கொண்டு வாங்க, அது போதும்னு. கொஞ்சம் லேட்டாப் புரிஞ்சுது. ஆனா புரிஞ்சுது. இல்லையா அங்கிள்?"

செங்கோடன் கேக்கைக் கையில் வாங்கிக்கொண்டார். வாயில் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மடத்துக்குப் போனார். கடிகாரம் கேட்டுப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பை விட்டுவிட்டுப் பின்பக்கம் போனார். சின்னச் சாமி ஈரத் துணியால் சமாதியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேலை நின்னுடுச்சு சாமி."

"போயிடுச்சுங்களா?"

"இல்லீங்க, நெலைச்சிருச்சு. நிரந்தரம்."

"நல்லதுங்க."

"என்ன நல்லது?" செங்கோடனுக்குக் குரல் உயர்ந்தது. "தெளிவாச் சொன்னேன்கறான் சாமி. அத்தனை பேர் முன்னால. எனக்குப் புரிய லேட்டாச்சாம். நான்தான் சொல்லாம விட்டுட்டேன், தப்பு எம்மேலதான்னு ஒரு வார்த்தை அவன் எனக்குப் பாக்கி. அது வராம என் மனசு ஆறாது. அதை எப்படிங்க வாங்கறது?"

சின்னச் சாமி துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். செடியிலிருந்து ஒரு செம்பருத்தியைப் பறித்தார். சமாதியைச் சுற்றி வந்தார். தலைமாட்டில் விளக்குக்குப் பக்கத்தில் பூ வைக்கிற மாடம் இருந்தது. அதைத் தாண்டிப் போனார். குனிந்து, பூவைக் காவா ஓரத்தில் வைத்தார்.

செங்கோடன் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கை தவறவில்லை.

"சாமி, பூவை அங்க வெச்சிருக்கீங்க."

"ஆமாங்க."

"அது பூ வைக்கற எடமில்லீங்களே?"

"இல்லீங்க."

செங்கோடன் திரும்பினார். கேட்டுப் பக்கம் பார்த்தார். பின்னாலிருந்து பார்த்தாலும் அந்தப் பச்சை எழுத்து தெரிந்தது.

"சாமி, பெரிய சாமி உங்களை எதைப் பார்த்துக்கச் சொன்னாருங்க?"

"சொல்லலைங்க. மடத்தையா, மாட்டையா, உங்களையெல்லாமா, என்னையேவா, ஒண்ணும் சொல்லலை. எதைங்கன்னு கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள போயிட்டார்."

"உங்களுக்குக் கோவம் இல்லீங்களா?"

சின்னச் சாமி காவா ஓரத்துப் பூவைப் பார்த்தார்.

"தெனமும் ஒரு பூவைத் தப்பான எடத்துல வெச்சுப் பார்க்கறேன். அங்க இல்லடான்னு இன்னும் ஒரு சத்தம் வரலைங்க."

காற்றில் பூ கொஞ்சம் நகர்ந்தது. செங்கோடன் அதை எடுத்து மாடத்தில் வைக்கலாமா என்று குனிந்தார். பிறகு, அது தன் வேலை இல்லை என்று நிமிர்ந்தார்.

"உங்க மிதுன்" என்றார் சின்னச் சாமி, "நாளைக்கு ஆபீசுக்கு வருவானுங்களா?"

"வருவான்."

"பேசுவானா?"

செங்கோடன் சமாதியைப் பார்த்தார். பாக்கியை விட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. கேட்டுப் பக்கம் போய்ச் செருப்பை மாட்டினார். நிமிர்ந்து மணி பார்த்தார்.