இடப்பக்கம் சாய்ந்த கொக்கி

நடந்து நடந்து செருப்புத் தேய்ந்துபோன ஜுலைகா சுங்க அலுவலகத்தில் ஐந்தாவது விசாரணைக்கும் வந்து நின்றாள். ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். விசிறியை மாட்டத் தன் கையால் வளைத்த கொக்கியை மாதிரிக்கு அனுப்பி, சீனாவிலிருந்து அவள் தருவித்த கம்ப்யூட்டர் விசிறிகள் நாலு மாதமாகத் துறைமுகத்தில் கிடந்தன. காப்புரிமையை மீறிய சரக்கு, நொறுக்கிப் போட வேண்டும் என்று ஒரு பெரிய கம்பெனி மனுப் போட்டிருந்தது.

"இடப்பக்கம் சாய்ந்த இந்தக் கொக்கி சூட்டை இழுத்து வெளியேற்றும். ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. இந்தம்மாவுக்கு இதெல்லாம் புரியுமா?" என்று முழங்கினார் கம்பெனி வக்கீல்.

ஜுலைகாவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சுங்க அதிகாரியிடம், "சார், உங்க மேஜைக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்க. ஒன்பது வருஷம் முன்னாடி நான்தான் ரிப்பேர் பண்ணேன்" என்றாள்.

திறந்தார்கள். உள்ளே அவள் ஒட்டிய தேதிச் சீட்டு. பக்கத்தில் அதே கொக்கி, அதே இடப்பக்கச் சாய்வு. கம்பெனி கண்டுபிடித்ததற்கு மூன்று வருஷம் முந்தையது. வக்கீல் கோப்பை மூடிவைத்தார்.

சரக்கை விடுவிக்கும் தாளை நீட்டிய அதிகாரி, "அதுசரிம்மா, இந்தச் சாய்வு சூட்டை எப்படி இழுக்குது?" என்று கேட்டார்.

"அது எதையும் இழுக்காது சார்" என்றபடி கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினாள் ஜுலைகா. "எனக்கு இடது கைப் பழக்கம்."