அம்பலவாணன் திறக்கப் போன மூடி

எங்கள் மடத்தில் அம்பலவாணன்தான் வயதில் மூத்த சீடர். குரு அருள்மொழி அம்மை அவரைவிடச் சின்னவர். சீடரின் அவசரத்துக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

அன்று சாயங்காலம் சமையற்கட்டுச் சுவரில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கை நீராவி பீய்ச்சும் ஸ்டீம் கிளீனர் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார் அம்பலவாணன். கை சுவரில், மனசு தம்பி வீட்டில். அப்பா காரியத்தன்று பந்தியில் வைத்துத் தம்பி சபாபதியை "தண்டச்சோறு" என்று சொல்லிவிட்டார். நாலு பேர் பார்க்கச் சொன்னார், பாவி மனுஷன். போன வாரம் போய் வாசலில் நின்று மன்னிப்பும் கேட்டாயிற்று. தம்பி கதவைத் திறக்கவில்லை.

"இன்னிக்கு மறுபடி போறேம்மா. தட்டிக்கிட்டே நிப்பேன். திறக்காம எங்க போயிடுவான்?"

அம்மை மிஷினை எட்டிப் பார்த்தார்.

"மிஷின்ல தண்ணி தீரப்போகுது பாருங்க. பிளக்கைப் பிடுங்குங்க. ஆறினதும் மூடியைத் திறந்து ஊத்துங்க."

பக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் காதில் அது "ஆறானதும்" என்று விழுந்தது!

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறடிக்க இரண்டு நிமிஷம் காட்டிய சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இதற்குமா நேரம் காலம் என்று ஒரே குழப்பம். கேட்டால் அசடு என்பார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. மணி ஆறடித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மூடியைப் பிடித்தார். உள்ளே உஸ்ஸென்றது.

"ஐயோ, திருகாதீங்க!"

அம்மை கத்தி நான் கேட்டது அன்றுதான். அம்பலவாணன் பிடித்த பிடியில் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்கதானேம்மா ஆறு மணிக்குத் திறக்கச் சொன்னீங்க?"

"சூடு ஆறினதும்னு சொன்னேன். உள்ள ஆவி அடைச்சு நிக்குது. திறந்தா மூஞ்சி வெந்துடும்."

"நான்தான் பிளக்கைப் பிடுங்கிட்டேனே!"

"பிடுங்கிட்டீங்க."

"அப்புறமும் ஏன் சீறுது?"

"பிடுங்கினது நீங்க. கொதிச்சது அது."

அம்பலவாணன் மிஷினைப் பார்த்தார். அம்மையைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு முகம் மாறியது. கண் கலங்கிவிட்டது.

"அப்போ சபாபதி வீட்டுக்கு எப்பத்தான் போறது?"

"ஆறினதும்."

"அவனுக்கு ஆறிடுச்சுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"முதல்ல மூடியிலேர்ந்து கையை எடுங்க."